நெடுந்தூர இலக்குப் போட்டிக்கு ஃபேக்டரி ரைபிள் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"எந்த ரைபிள் வாங்கலாம்?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, "எந்தப் போட்டியில் சுடப் போகிறீர்கள்?" என்றுதான். பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. படம் பார்த்தாயிற்று, ரைபிள் பிடித்துவிட்டது, கறுப்பா பச்சையா என்பது வரை முடிவாகிவிட்டது. எங்கே சுடுவது என்பது மட்டும் பாக்கி.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வாங்கியது .300 வின்செஸ்டர் மேக்னம். ஆயிரம் கஜம் என்றால் பெரிய தோட்டாதானே வேண்டும் என்ற கணக்கு. ஒரே நாளில் அறுபது சொச்சம் தோட்டா சுட வேண்டிய போட்டியில், இருபதைத் தாண்டுவதற்குள் தோள் கன்றிவிட்டது. அதற்கப்புறம் ட்ரிகரில் விரல் வைத்தாலே கண் தானாக மூடிக்கொண்டது. ரைபிளில் ஒரு குறையும் இல்லை. உதைக்குப் பயந்த என் தோள்தான் அட்டை முழுக்கக் கையெழுத்துப் போட்டிருந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். போட்டி, விதி, தோட்டா, பேரல், கட்டை என்று வந்து, ரைபிளின் பெயரைக் கடைசியில்தான் பார்க்கப் போகிறோம். ஃபேக்டரி ரைபிள் என்று நான் சொல்வது, கம்பெனி செய்து பெட்டியில் போட்டுக் கொடுத்ததை அப்படியே எடுத்துச் சுடக்கூடிய ரைபிள். துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் பேரல், ஆக்‌ஷன், கட்டை எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேர்ந்து கட்டிக் கொடுப்பது கஸ்டம் ரைபிள். அது வேறு கதை. இன்னொன்று: கீழே 'தோட்டா' என்றால் வெடிமருந்தோடு சேர்ந்த முழுச் சுற்று, 'குண்டு' என்றால் பேரலை (குழாயை) விட்டுப் பறக்கும் உலோகம் மட்டும். 'கட்டை' என்றால் தோளில் ஊன்றிப் பிடிக்கும் உடற்பகுதி, 'ஆக்‌ஷன்' என்றால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இயந்திரப் பகுதி, 'போல்ட்' என்றால் அதில் கையால் ஓட்டும் தண்டு.

உரிமம், ரேஞ்ச் உறுப்பினர் சேர்க்கை, எந்தக் காலிபர் (குண்டின் விட்ட அளவு) உங்கள் நாட்டில் அனுமதி என்பதை எல்லாம் முதலிலேயே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிடித்த காலிபருக்கு அனுமதி இல்லை என்பது பணம் கட்டிய பிறகு தெரியவேண்டிய விஷயம் அல்ல.

முதல் படி: போட்டி எது?

நெடுந்தூரப் போட்டிகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவை கேட்கும் ரைபிள்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

எஃப்-கிளாஸ் என்பது படுத்துக்கொண்டு, ரைபிளைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியாக அட்டையைச் சுடுவது. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்கர்சன் தொடங்கிவைத்த முறை. எஃப் என்ற எழுத்தே அவர் பெயரில் இருந்து வந்தது. வயதாகி, ஸ்லிங் (கையில் சுற்றும் வார்) கட்டிச் சுடக் கையும் கண்ணும் ஒத்துழைக்காதவர்களும் தொடர்ந்து சுடவேண்டும் என்பதுதான் யோசனை. 1000 கஜத்தில், அதாவது 914 மீட்டரில், முழு மதிப்பெண் வளையத்தின் விட்டம் சுமார் 25 சென்டிமீட்டர். சமநிலையை முறிக்கும் உள் வளையம் அதில் பாதி. இதற்குள் இரண்டு பிரிவுகள் உண்டு. எஃப்-டிஆர் பிரிவில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் இரண்டுக்கு மட்டுமே இடம். முன்பக்கம் பைபாட் (இரு கால் தாங்கி), ஸ்கோப்பும் பைபாடும் சேர்த்து மொத்த எடை 8.25 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. எஃப்-ஓப்பன் பிரிவில் 8 மில்லிமீட்டர் வரை எந்தக் காலிபரும் சரி, மணல் பையோடு கூடிய கனமான முன் தாங்கியும் சரி. எடை வரம்பு 10 கிலோ.

ஃபுல்போர் அல்லது டார்கெட் ரைபிள் என்று அழைக்கப்படுவது இதைவிடப் பழையது. ஸ்கோப் கிடையாது. துளைப் பார்வை, தோலாலான ஸ்லிங், தடித்த ஜாக்கெட், அவ்வளவுதான். 1876-ல் தொடங்கிய பால்மா கோப்பை இந்த வகை. 800, 900, 1000 கஜத்தில் சுடுவார்கள். இங்கிலாந்தின் பிஸ்லி ரேஞ்சில் 1890 முதல் இந்த மரபு ஓடுகிறது. இதற்குத் தகுந்த ஃபேக்டரி ரைபிள்கள் மிகவும் குறைவு என்பதால், இந்தப் பக்கம் போக விரும்புபவர் கிளப்பில் இருக்கும் பழைய ரைபிளை இரவல் வாங்கித் தொடங்குவதுதான் நல்லது என்பேன்.

மூன்றாவது, இப்போது எல்லோரும் பேசுவது: பி.ஆர்.எஸ். (பிரெசிஷன் ரைபிள் சீரிஸ்) பாணிப் போட்டி. 2012-ல் அமெரிக்காவில் தொடராகத் தொடங்கியது. தடுப்பு, டயர், மரச்சட்டம், சாய்ந்த கூரை என்று கிடைத்த இடத்தில் ரைபிளைச் சாய்த்து, பெரும்பாலும் 90 வினாடி போல ஒரு கால வரம்புக்குள், வெவ்வேறு தூரங்களில் தொங்கும் இரும்புத் தட்டுகளைச் சுடவேண்டும். முதல் சர்வதேச உலகப் போட்டி 2022-ல் பிரான்சில் நடந்தது. ஃபேக்டரி ரைபிள்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் போட்டிகள் இந்த உலகில்தான் அதிகம். புதியவருக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு போட்டியை நேரில் போய்ப் பாருங்கள். சுட வேண்டாம், ஸ்கோர் எழுத உதவிக்கு நில்லுங்கள், போதும். மதியத்துக்குள் பத்து ரைபிள்களையாவது கையில் தருவார்கள். இந்த விளையாட்டுக்காரர்கள் தங்கள் ரைபிளைக் காட்டுவதில் கஞ்சத்தனம் செய்பவர்கள் அல்ல. நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம்.

இரண்டாம் படி: விதிப்புத்தகமும் தராசும்

போட்டியின் விதிப்புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். நான்கு இடங்களில் பேனாவால் கோடு போடுங்கள்: காலிபர், எடை, மசில் பிரேக் (உதையைக் குறைக்கப் பேரல் முனையில் மாட்டுவது), ட்ரிகர். பி.ஆர்.எஸ். போட்டியில் மசில் பிரேக் இல்லாத ரைபிளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். எஃப்-கிளாஸில் அதையே கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். சில விதிகளில் ட்ரிகரின் குறைந்தபட்ச எடை (அதை இழுக்கத் தேவையான பலம்) உண்டு. ஃபேக்டரி பிரிவு என்றால், எதை மாற்றினால் ரைபிள் 'ஃபேக்டரி' என்ற தகுதியை இழக்கும் என்பதைக் குறிப்பாகப் பாருங்கள். பேரல் தேய்ந்தால் அதே வகையைத்தான் போடவேண்டுமா, ட்ரிகர் மாற்றலாமா, கட்டையில் எடை சேர்க்கலாமா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும்.

எடைக் கணக்கை எஃப்-டிஆர் ஆட்கள் காகிதத்தில் போடவேண்டும். ரைபிள் 5.8 கிலோ, ஸ்கோப் ஒரு கிலோ, வளையங்கள் கால் கிலோ, பைபாட் 700 கிராம் என்றால் 7.75 கிலோ ஆயிற்று; மிச்சம் அரைக் கிலோ. இதில் கொஞ்சம் கனமான ஸ்கோப் ஒன்றைப் பிடித்துப்போய் வாங்கினால், போட்டி நாளன்று தராசின் முன் நின்று எதைக் கழற்றலாம் என்று யோசிக்க வேண்டிவரும். அப்படி நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கன்னத் தாங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று முழுக்கச் சுட்டார்.

பி.ஆர்.எஸ். பக்கம் கதை நேர்மாறு. அங்கே 8 முதல் 10 கிலோ ரைபிளைத் தடுப்பின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். கனம்தான் உதையை அடக்குகிறது.

மூன்றாம் படி: தோட்டா

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ரைபிளின் மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தோட்டாவை மாற்றினால் பேரல் மாறும், சில வேளை போல்ட்டும் மகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மாறும்.

நெடுந்தூரத்தில் எதிரி காற்று. குண்டு விழும் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம். தூரம் தெரிந்தால் அது மாறாது. காற்று அப்படியல்ல. ஆக, தோட்டாவைப் பார்க்கும்போது முதலில் கேட்கவேண்டியது, 'நான் காற்றைத் தப்பாகக் கணித்தால் இது எவ்வளவு மன்னிக்கும்?' என்பது.

ஒரு கணக்கு பாருங்கள். .308 வின்செஸ்டரில் 175 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மேட்ச் குண்டு, அதாவது போட்டித் தரக் குண்டு, வினாடிக்கு 790 மீட்டர் வேகம். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று. 1000 கஜத்தில் குண்டு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளிப் போகும். அதே காற்றில் 6.5 கிரீட்மூரின் 140 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 825 மீட்டரில் கிளம்பினால், ஒன்றே முக்கால் மீட்டர் அளவுதான் தள்ளிப் போகும். நீங்கள் காற்றை ஐந்தில் ஒரு பங்கு தப்பாகக் கணித்தீர்கள் என்று வையுங்கள். .308-ல் அரை மீட்டர் பிழை, 6.5-ல் 35 சென்டிமீட்டர். தட்டின் பாதி அகலம் 40 சென்டிமீட்டர் என்றால், முன்னது வெறும் மண், பின்னது டங் என்ற சத்தம்.

6.5 கிரீட்மூர் 2007-ல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது. தொடக்கத்தில் இருந்தே போட்டி ரைபிளை மனதில் வைத்துச் செய்தது: நீண்ட ஒல்லியான குண்டுக்கு இடம்விடும் குட்டையான பித்தளைக் கூடு, குட்டை ஆக்‌ஷனில் மகசினுக்குள் அடங்கும் நீளம், அளவான உதை. போட்டித் தரத் தோட்டா பெட்டியாகவே பல கம்பெனிகளிடம் கிடைக்கிறது. எடை வரம்பும் காலிபர் வரம்பும் இல்லாத போட்டிக்குப் போகிறவர், கையால் தோட்டா நிரப்பத் தெரியாதவர், முதல் ரைபிள் வாங்குகிறவர், இந்த மூன்றும் நீங்கள் என்றால் நான் அதிகம் யோசிக்க மாட்டேன். 6.5 கிரீட்மூர் வாங்குங்கள். சலிப்பான ஆலோசனைதான், ஆனால் சரியான ஆலோசனை.

6 மில்லிமீட்டர் வகைகள் (6 கிரீட்மூர், 6 டாஷர், 6 ஜிடி) பி.ஆர்.எஸ். மேடையை ஆள்வதற்குக் காரணம் அவற்றின் உதை மிகக் குறைவு என்பது. சுட்ட பிறகும் ஸ்கோப்புக்குள் தட்டு இருக்கும். குண்டு எங்கே விழுந்தது என்பதைக் கண்ணால் பார்த்து அடுத்த தோட்டாவைத் திருத்தலாம். உதையில் படம் கலைந்துபோகிற ரைபிளில் இந்தத் தகவல் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் 6 கிரீட்மூர் பேரலைத் தின்னும். ஏறத்தாழ 1500 தோட்டா, சிலருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு நாள் போட்டியில் 200 தோட்டா ஓடும் என்றால், பயிற்சியையும் சேர்த்து, ஒரு பருவத்தில் பேரல் முடிந்துவிடும். 6.5 கிரீட்மூருக்கு 2000 முதல் 3000. .308 அலட்டிக்கொள்ளாமல் 5000 தாண்டும்.

அந்த .308-ஐக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1952-ல் வந்த தோட்டா. எஃப்-டிஆர் பிரிவில் எல்லோருக்கும் இதே சுமைதான் என்பதால் காற்று வாசிக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். ஒரே ஒரு எச்சரிக்கை. 1000 கஜத்தில் .308 குண்டு ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அந்த எல்லையைக் கடக்கும்போது சில குண்டுகள் தடுமாறும். புகழ்பெற்ற சியரா மேட்ச்கிங் 168 கிரெய்ன் குண்டு 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் வால் பகுதியின் கோணம் இந்தக் கடப்பைத் தாங்காது. 600 கஜம் வரை ஊசிபோலப் போகும் அதே பெட்டி, 1000 கஜத்தில் அட்டையில் பக்கவாட்டு ஓட்டை போடும். ரைபிளைத் திட்டுவதற்கு முன் தோட்டாப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மேக்னம்கள் பற்றி என் தோளே சாட்சி. ஒரே எடை ரைபிளில் .308-ஐவிட .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதை ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு மைலுக்கு மேல் சுடும் போட்டிக்கு அது தேவைப்படலாம். ஆயிரம் கஜத்துக்குத் தேவையில்லை.

நான்காம் படி: பேரல்

இங்கே மூன்று எண்களைக் கேளுங்கள்: ட்விஸ்ட், நீளம், தடிமன்.

ட்விஸ்ட் என்பது குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறது என்பது. 1:8 என்றால் எட்டு அங்குலத்தில் ஒரு சுற்று. நீளமான குண்டுக்கு வேகமான சுற்று வேண்டும். பம்பரம் மெதுவாகச் சுற்றினால் தலையாட்டுமே, அதுதான். 6.5 கிரீட்மூருக்கு 1:8 என்பது வழக்கம், சரியும்கூட. 6 மி.மீ.க்கு 1:7.5 அல்லது 1:8. .308-க்கு 1:10 முதல் 1:12 வரை பார்க்கலாம். 200 கிரெய்ன் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் 1:10. பலர் ஏமாறும் இடம் .223. வேட்டைக்கான .223 ரைபிள்களில் 1:9, 1:12 எல்லாம் உண்டு. நெடுந்தூரத்துக்கான 80, 90 கிரெய்ன் குண்டுகளுக்கு 1:7 போல வேண்டும். பேரல் 1:12 என்றால் அந்த ரைபிளில் எஃப்-டிஆர் கனவு அங்கேயே முடிந்தது.

நீளம் கூடினால் வேகம் கூடும். ஒரு அங்குலத்துக்கு வினாடிக்கு ஆறேழு மீட்டர் என்று தோராயமாக வையுங்கள். 20 அங்குல .308 பார்க்க அடக்கமாக இருக்கும், 1000 கஜத்துக்கு முன்பே குண்டு ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். பி.ஆர்.எஸ். பக்கம் 24 முதல் 26 அங்குலம் வசதி. எஃப்-டிஆர் பக்கம் 30 அங்குலம் சாதாரணம்.

தடிமனைப் பொறுத்தவரை, போட்டியில் இருபது தோட்டா விடாமல் சுட்டால் பேரல் கையை வைக்க முடியாத அளவு கொதிக்கும். ஒல்லி வேட்டை பேரல் சூடேறும்போது குண்டு விழும் இடமே நகரும். முதல் மூன்று ஒரு இடம், கடைசி மூன்று வேறு இடம். தடித்த பேரல் வாங்குங்கள். அதற்கு மேல் யோசிக்க இதில் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: ஆக்‌ஷன், ட்ரிகர், மகசின்

நேரம் கட்டிச் சுடும் போட்டியில் போல்ட் எவ்வளவு தூரம் தூக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும். ரெமிங்டன் 700 வகையில் 90 பாகை, டிக்காவில் 70. எஃப்-கிளாஸில் உங்களை யாரும் இப்படித் துரத்தப் போவதில்லை. அங்கே ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷனே பெருமை, ஏனென்றால் மகசினுக்கு வெட்டிய ஓட்டை இல்லாத ஆக்‌ஷன் விறைப்பாக நிற்கும்.

ரெமிங்டன் 700-ன் அடித்தள வடிவத்தைப் பல கம்பெனிகள் அப்படியே பின்பற்றுகின்றன. அந்த வடிவில் வாங்கினால் கட்டை, ட்ரிகர், சேஸிஸ் (கட்டைக்குப் பதிலான உலோகச் சட்டம்) என்று எதைப் பிறகு மாற்றினாலும் சந்தையில் கிடைக்கும். மகசின் என்றால் ஏ.ஐ.சி.எஸ். வகையா (பல ரைபிள்களுக்குப் பொருந்தும் பொது வடிவம்) என்று கேளுங்கள். தனக்கென்று மட்டும் ஒரு மகசின் வைத்திருக்கும் ரைபிளில், போட்டிக்கு முந்தின நாள் ஸ்பிரிங் உடைந்தால் பக்கத்து வீரரிடம் இரவல் வாங்கவும் வழியில்லை.

ட்ரிகரில் எடையைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுபடுகிறதா என்பது. கண்ணாடிக் குச்சி முறிவதுபோல இருக்கவேண்டும். அரைக் கிலோ முதல் ஒரு கிலோவுக்குள் அமைக்க முடிந்தால் போதும். இன்றைய நல்ல ஃபேக்டரி ட்ரிகர்கள் இதைச் செய்கின்றன. முதல் நாளே வேறு ட்ரிகர் வாங்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆறாம் படி: கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா?

இதைக் கடையில் நின்றுகொண்டு பார்க்க முடியாது. தரையில் படுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ரைபிளைப் பைபாடில் வைத்து, பின்னால் பையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வசதியாக இறக்குங்கள். கழுத்தில் இழுப்பு இருக்கக்கூடாது. இப்போது கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் முழு வட்டமும், ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல், அப்படியே தெரியவேண்டும். தெரியாவிட்டால் தலையை நகர்த்தாதீர்கள். கன்னத் தாங்கியை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். அதை ஏற்றி இறக்க வழியில்லாத கட்டை என்றால் அந்த ரைபிளை அங்கேயே வைத்துவிடலாம். தலையை நீட்டித் தேடுகிற ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும், கழுத்துத் தசை துடிக்கும், அந்தத் துடிப்பு 900 மீட்டரில் முழுசாக ஒரு வளையம்.

அடுத்து கட்டையின் நீளம். ட்ரிகரில் விரல் வைக்கும்போது விரலின் நடு மூட்டு 90 பாகையில் மடங்கி நேராகப் பின்னோக்கி இழுக்கவேண்டும். கட்டை நீளமாகிவிட்டால் விரல் நுனியால் பக்கவாட்டில் தள்ளுவோம். வலது கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கம் கூடிக்கூடி விழுந்தால் பலமுறை இதுதான் காரணம், காற்று அல்ல.

பி.ஆர்.எஸ். ஆட்கள் மேலும் ஒன்று பார்க்கவேண்டும்: ரைபிளின் எடை மையம். மகசினுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரலை வைத்துத் தூக்கினால் அது சமமாக நிற்கவேண்டும். பின்பாரம் என்றால் தடுப்பின் மேல் வைத்த ரைபிள் பின்னோக்கிச் சாயும். அதைப் பிடித்து நிறுத்தவே உங்கள் கவனம் போய்விடும். எஃப்-கிளாஸில் கட்டையின் அடிப்பகுதி தட்டையாகவும் பேரலுக்கு இணையாகவும் இருந்தால், உதைத்த ரைபிள் தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் பின்வாங்கி, தள்ளினால் அதே இடத்துக்கு வரும்.

ஏழாம் படி: ஸ்கோப்புக்கு இடம் இருக்கிறதா?

ஸ்கோப் தேர்வு தனிக் கட்டுரைக்கான விஷயம். ரைபிள் வாங்கும்போது பார்க்கவேண்டியது அதன் மேலுள்ள ரயில், அதாவது ஸ்கோப்பைப் பொருத்தும் தண்டு. நேர் ரயிலா, 20 எம்ஓஏ சாய்ந்த ரயிலா? (எம்ஓஏ, மில் இரண்டும் கோண அளவுகள்.)

100 மீட்டரில் ஸீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்த) .308, 1000 கஜத்துக்குச் சுமார் 12 மில் ஏற்றம் கேட்கும். உங்கள் ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கம் 20 மில் என்றால், நேர் ரயிலில் மேலே போக 10 மில்தான் மிச்சம். டயல் முட்டி நிற்கும், இலக்கு இன்னும் மேலே இருக்கும். 20 எம்ஓஏ சாய்வு ஏறத்தாழ 5.8 மில்லைச் சேர்த்துக் கொடுக்கிறது. பிரச்சினை முடிந்தது.

மில், எம்ஓஏ குழப்பத்துக்கு ஒரே வரி: 100 மீட்டரில் 1 மில் என்பது 10 சென்டிமீட்டர், 1 எம்ஓஏ என்பது 2.9 சென்டிமீட்டர். எதை எடுத்தாலும் டயலும் ரெட்டிக்கிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) ஒரே அளவில் இருக்கட்டும். உங்கள் கிளப்பில் எல்லோரும் மில்லில் பேசினால் நீங்களும் மில்.

ரைபிளுக்குப் பணம் முழுவதையும் கொட்டிவிட்டு ஸ்கோப்புக்கு மிச்சத்தைப் பார்க்கும் ஆட்கள் அதிகம். டயலைப் பத்து மில் திருப்பினால் ஒன்பதரை நகரும் ஸ்கோப்புக்கு அடியில் எந்த ரைபிள் இருந்தும் பயனில்லை.

எட்டாம் படி: பெயர்கள்

சரி, இப்போது பெயர் சொல்லலாம்.

பி.ஆர்.எஸ். பாணிக்கு: பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1. வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட், அலுமினிய சேஸிஸ், பெட்டியில் இருந்தே போட்டிக்குப் போகலாம். ஸ்பெயினின் பெர்காரா பி-14 எச்எம்ஆர், வார்ப்புக் கட்டைக்குள் சிறிய அலுமினியச் சட்டம் வைத்தது. ரெமிங்டன் 700 அடித்தளம், ஏ.ஐ.சி.எஸ். மகசின் என்று பிற்காலத்துக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. சேஸிஸின் உலோகக் குளிர்ச்சி பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 2015-ல் வந்த ரூகர் ப்ரெசிஷன் ரைபிள், இந்த வகை ரைபிளைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது என்பதில் சந்தேகமில்லை. பழையதாகவும் நிறையக் கிடைக்கிறது. அதற்கு மேல் சாக்கோ டிஆர்ஜி 22, அக்யூரசி இன்டர்நேஷனல் ஏடி-எக்ஸ் எல்லாம் இருக்கின்றன. வாங்கினால் வருத்தப்பட மாட்டீர்கள். ஆனால் முதல் வருடத்தில் அந்த வித்தியாசம் உங்கள் ஸ்கோரில் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எஃப்-டிஆர் பக்கம் ஃபேக்டரி என்றதும் வாயில் வருவது சாவேஜ் மாடல் 12 எஃப்/டிஆர். ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷன், 30 அங்குலத் தடித்த பேரல், இந்தப் பிரிவுக்கென்றே செய்தது. பேரலை ஒரு நட்டு பிடித்திருப்பதால், தேய்ந்தபின் மாற்றுவதும் எளிது. போல்ட் டிக்கா மாதிரி வழுக்காது, கொஞ்சம் கரகரப்புதான். எஃப்-கிளாஸில் அது யாருக்கு வேண்டும்?

.22 ரிம்ஃபயர் (உதை மிகக் குறைந்த சிறிய தோட்டா) போட்டிகளையும் மறக்க வேண்டாம். சீசெட் 457, டிக்கா டி1எக்ஸ் போன்ற ரைபிள்களில் 200 மீட்டரில் சுடுவது, காற்று வாசிக்கக் கற்றுக்கொள்ள நான் அறிந்த வேகமான வழி. பெரிய ரேஞ்ச் பக்கத்தில் இல்லாதவர் இதில் தொடங்கினால் எதையும் இழக்கப் போவதில்லை.

ஒன்பதாம் படி: கையில் எடுத்துச் சோதிப்பது

பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுங்கள். எங்கும் தடுக்கக்கூடாது. கட்டையின் முன்பகுதியைக் கையால் அழுத்திக்கொண்டு திரும்பவும் இழுங்கள். பைபாடில் பாரம் போட்டுச் சுடும்போது நடப்பது இதுதான். டம்மித் தோட்டாக்களை மகசினில் நிரப்பி வேகமாகவும் மெதுவாகவும் போல்ட்டை ஓட்டுங்கள். பல துண்டுகளைத் திருகிச் சேர்த்த சேஸிஸ் என்றால் திருகுகள் எல்லாம் இறுக்கமா என்று பாருங்கள்.

பழைய ரைபிள் என்றால் விற்பவரிடம் இரண்டு கேள்வி: எத்தனை தோட்டா சுட்டது, குறிப்பு வைத்திருக்கிறீர்களா? "அதிகம் சுடவில்லை" என்பது எண்ணே அல்ல. போர்ஸ்கோப் (பேரலுக்குள் பார்க்கும் கருவி) கிடைத்தால் சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) ஒட்டிய பகுதியைப் பாருங்கள். வறண்ட ஏரியின் தரைபோல வெடிப்புகள் தெரியும். கொஞ்சம் இருந்தால் பயமில்லை, சுட்ட பேரல் எல்லாவற்றிலும் உண்டு. அந்த வெடிப்பு பேரலுக்குள் நீளமாகப் பரவி, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்களின் தொடக்கமே மழுங்கியிருந்தால், புதுப் பேரலின் செலவையும் விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள்.

பத்தாம் படி: ரேஞ்சில்

வீட்டுக்கு வந்ததும் கட்டைத் திருகுகளை டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். சேஸிஸ்களில் பெரும்பாலும் 7 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். ஸ்கோப் வளையத் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டர் பக்கம். கை அளவில் இறுக்குவது வேண்டாம்.

மூன்று வகை மேட்ச் தோட்டாக்களை இரண்டு இரண்டு பெட்டியாக வாங்குங்கள். 100 மீட்டரில், ஒவ்வொரு வகைக்கும் பத்துத் தோட்டா க்ரூப்பிங் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) இரண்டு. மூன்று தோட்டா க்ரூப்பிங்கை நம்பாதீர்கள். மூன்று தோட்டாவில் சராசரியாக ஒரு அங்குலம் போடும் ரைபிள், பத்துத் தோட்டாவில் சராசரியாக ஒன்றே அரைக்கு மேல் போடும். ரைபிள் கெட்டுவிடவில்லை, எண்ணிக்கை கூடினால் விரிவு தெரியவருகிறது, அவ்வளவுதான். கம்பெனிகள் தரும் ஒரு எம்ஓஏ உத்தரவாதம் பல நேரம் மூன்று அல்லது ஐந்து தோட்டாவுக்கானது என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பத்துத் தோட்டாவும் ஒரு எம்ஓஏவுக்குள் விழுகிற ஃபேக்டரி ரைபிள் நல்ல ரைபிள்.

சுடும்போதே க்ரோனோகிராஃபில் வேகத்தையும் எழுதுங்கள். 100 மீட்டரில் அழகாக ஒன்றின் மேல் ஒன்று விழும் தோட்டா, வேகம் சீராக இல்லாவிட்டால் தூரத்தில் மேலும் கீழுமாகச் சிதறும். .308-ல் வினாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் 1000 கஜத்தில் சுமார் 25 சென்டிமீட்டர் உயர வித்தியாசம். எஃப்-கிளாஸின் முழு மதிப்பெண் வளையம் எவ்வளவு என்று மேலே சொன்னேனே, அதே அளவு. ஆகவே இரண்டு தோட்டாக்களில் க்ரூப்பிங் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தால், வேகம் சீராக உள்ளதை எடுங்கள். எடுத்தபின் அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் ஒரு பருவத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் வேகமும் மாறும், ஸீரோவும் கொஞ்சம் நகரும்.

ஒரு சிறிய நோட்டு வாங்கி, முதல் நாளில் இருந்தே தேதி, தோட்டா லாட், அன்று சுட்ட எண்ணிக்கை, மொத்த எண்ணிக்கை என்று நான்கு பத்தி போட்டு எழுதி வாருங்கள். 6.5 கிரீட்மூரில் எண்ணிக்கை 2000-ஐத் தாண்டிய பிறகு ஒருநாள், காற்றே இல்லாத காலையில், காரணம் தெரியாத குண்டு ஒன்று வளையத்துக்கு வெளியே போகும். அப்புறம் பத்துக்கு ஒன்று அப்படிப் போகும். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு புதுப் பேரலுக்குச் சொல்லிவையுங்கள். வந்து சேர மாதக்கணக்காகலாம்.